வாத்தியார் வயல்

நான் சரித்திரம் சொல்லிக் கொடுக்கப் போன வருஷம் சரித்திரத்துக்கே பெயர் மாறிவிட்டது. வேலை உத்தரவில் சரித்திரம், பூகோளம் என்றுதான் போட்டிருந்தது. நான் வகுப்புக்குள் நுழைவதற்குள் அவை வரலாறு, புவியியல் ஆகிவிட்டன. ஆட்சி மாறி மூன்று வருஷம் ஆகி, அது பாடப்புத்தகம்வரை வந்து சேர்ந்திருந்தது. அதனால் மொகலாயர்களும் பருவக்காற்றும் நல்ல தமிழுக்கு மாறியாக வேண்டியிருந்தது, மாறினார்கள். எட்டாம் வகுப்புப் பையன்கள் மட்டும் மாறவில்லை. பழைய பெயரில் என்ன மார்க் வாங்கினார்களோ, புதிய பெயரிலும் அதையே வாங்கினார்கள்.

மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் போய், பஸ் நிற்கிற இடத்திலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்தால் அந்த ஊர் வரும். பள்ளிக்கூடம் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி. அதாவது, சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கும். வாத்தியாரைத் தாளாளர் வைத்துக்கொள்வார். தாளாளர் அந்த ஊர் மிராசுதார். கல்விக்குச் செய்வது தன் குடும்பத்தின் பரம்பரைத் தருமம் என்று எல்லா மேடையிலும் சொல்வார். மழைக்காலத்தில் தன் நெல் மூட்டைகளை ஆறாம் வகுப்பு அறையில் அடுக்கிவைப்பதும் அந்தத் தருமத்தில் சேர்த்திதான். அப்போதெல்லாம் ஆறாம் வகுப்பு என் வகுப்பில் வந்து உட்காரும். மூட்டைகளுக்கு இருந்த காற்றோட்டம் எங்களுக்கு இருந்ததில்லை.

நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன். எனக்குத் தெரிந்த விவசாயம் தென்னை மரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு முடிந்துவிடும். இந்த ஊரில் எல்லாமே குனிந்து செய்கிற விவசாயம். பையன்கள் மடை, தாளடி, நாற்றங்கால் என்று பேச ஆரம்பித்தால் நான் தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன். வேலை தற்காலிகம். வருஷக் கடைசியில் தாளாளர் மனம் வைத்துக் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். அந்தக் கையெழுத்துக்காக என் கல்யாணமும் காத்துக்கொண்டிருந்தது. பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்ததாகச் சொன்னார்கள். பெண்ணின் அப்பாவுக்கு நிரந்தரத்தைத்தான் பிடித்திருந்தது. "ஆர்டர் ஆனதும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க" என்று காபி கொடுத்து அனுப்பிவைத்தார்.

பையன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று வயது. குரல் உடைந்தும் உடையாமலும் இருந்த அந்தக் கூட்டம் சுற்று வட்டாரத்தில் ஒரு பொதுக்கூட்டத்தையும் விட்டுவைத்ததில்லை. ஆளுங்கட்சிக் கூட்டத்தில் அடுக்குமொழி கேட்டுவிட்டு, மறுநாள் செங்கொடிக் கூட்டத்தில் முழக்கம் போட்டுவிட்டு, அதற்கடுத்த நாள் என் வகுப்பில் தூங்குவார்கள். கலிங்கப் போருக்குப் பிறகு பேரரசர் ஏன் மனம் மாறினார் என்று கேட்டால் ஒருவன் எழுந்து, துண்டு இல்லாத தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, "அன்பைத் தேடினார், அறத்தை நாடினார், அமைதியைப் பாடினார்" என்பான். ஏன் என்று கடைசிவரை சொல்ல மாட்டான். வகுப்பே கைதட்டும். கைதட்டல் வாங்கியவனுக்கு எப்படி முட்டை மார்க் போடுவது? பாதி போட்டுவிடுவேன்.

வகுப்புக்குள்ளேயே நிலத் தகராறும் நடந்தது. ஒரு பெஞ்சில் ஐந்து பேர். காம்பஸ் முனையால் பெஞ்சைக் கீறி வரப்புப் போட்டிருப்பார்கள். அடுத்தவன் முழங்கை வரப்பைத் தாண்டினால் காம்பஸ் பேசும். தினம் காலையில் வரப்புத் தகராறைத் தீர்த்துவைத்துவிட்டுத்தான் பானிப்பட்டுக்குப் போவேன். அங்கே நடந்த சண்டை இவர்களுக்குச் சப்பென்றிருக்கும்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் கூட்டிப் போக வேண்டும். புதுப் பணியாளனுக்கு உரிய உற்சாகத்தோடு நான் அதை நம்பினேன். உலகப் படத்தை மாட்டுவதற்கு முன்னால் ஊர்ப் படத்தை வரையவைக்கலாம் என்று, பெஞ்சுகளை ஓரம் தள்ளி, சாக்பீஸைக் கொடுத்து, சிமெண்ட் தரையில் வரையச் சொன்னேன்.

அன்றைக்குத்தான் அந்தப் பையன்களை முதல்முதலாக விழித்திருக்கும்போது பார்த்தேன். ஆற்றை வரைந்தார்கள், வாய்க்கால் பிரித்தார்கள், மடை வைத்தார்கள். ஒவ்வொரு வயலுக்கும் உள்ளே உடையவர் பெயர் எழுதினார்கள். அம்மன் கோயில் வயல். தாளாளரின் மைத்துனர் வயல். அவர் வீட்டுச் சமையல்காரர் வயல். கார் ஓட்டுகிறவர் வயல். காசிக்குப் போய்த் திரும்பி வராத ஒரு சித்தியின் வயல். தாளாளர் பெயரில் ஒரு வீடும் ஒரு வைக்கோல் போரும்தான் இருந்தன. அந்தப் படத்தின்படி ஊரிலேயே பரம ஏழை அவர்தான். நில உச்சவரம்பைப் பாதியாகக் குறைத்துச் சட்டம் வந்திருந்த நேரம் அது. சட்டம் வந்து சேர்வதற்குள் அவர் ஏழையாகி முடித்திருந்தார்.

மூன்றாம் மடைக்குப் பக்கத்தில் ஒரு வயலுக்குள் "வாத்தியார் வயல்" என்று எழுதியிருந்தது.

"எந்த வாத்தியார்டா?" என்றேன்.

எழுதிய பையன் சாக்பீஸைக் கீழே வைத்தான். எலும்பும் தோலுமாக, காதுகள் மட்டும் பெரிதாக இருக்கும் பையன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவன். அதிகம் பேச மாட்டான். "நீங்கதான் சார்" என்றான்.

வகுப்பு சிரித்தது. கிண்டல் செய்கிறான் என்று அவனைப் பெஞ்சின் மேல் ஏறி நிற்கச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவன்தான் அவனுக்காகப் பரிந்து வந்தான். "நெசமாத்தான் சார். அவங்க அப்பாதான் அதைச் சாகுபடி பண்றாரு. உங்க வயலுன்னு ஊருக்கே தெரியும் சார்."

ஊருக்கே தெரிந்தது எனக்குத் தெரியாது. தலைமை ஆசிரியரிடம் ஓடினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே, "இப்பத்தான் தெரியுமா உங்களுக்கு?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இத்தனை வருஷ சர்வீஸ், எனக்கு ஆத்தோரத்து மேடு. நேத்து வந்தவருக்கு மடையோரத்து நஞ்சை. எல்லாத்துக்கும் ஒரு முகராசி வேணும்" என்றார். அவருடைய வருத்தம் உண்மையான வருத்தம். சாகுபடியும் கிடையாது, வருமானமும் கிடையாது, அனுபவிக்கவே போகாத நிலத்தில் எனக்கு நல்லதும் தனக்குக் கெட்டதும் வந்துவிட்டதே என்ற வருத்தம்.

விஷயத்தை அவரே விளக்கினார். கிரயப் பத்திரத்தில் விற்கிறவர் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். வாங்குகிறவர் வர வேண்டிய அவசியமே இல்லை. நான் மொகலாயர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மத்தியானத்தில், எனக்குத் தெரியாமலே நான் நிலச்சுவான்தார் ஆகியிருந்தேன். பினாமி என்ற சொல்லைப் பாடப்புத்தகம் எங்கேயும் சொல்லவில்லை. அந்த மாதிரிச் சொற்களையெல்லாம் நல்ல தமிழுக்கு மாற்றும்போது விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் என் நிலத்தை நான் பார்க்கப் போனேன். பையன் முன்னால் நடந்தான். வரப்பில் எனக்குக் கால் வழுக்கியபோதெல்லாம் நின்று, சிரிக்காமல் காத்திருந்தான். பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. அழகாகத்தான் இருந்தது, எனக்கு ஒரு நிமிஷம் பெருமைகூட வந்தது. அவன் அப்பா மடையில் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

"வாங்க சார். உங்க வயலைப் பாக்க வந்தீங்களா?" என்றார். கேலியா மரியாதையா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அவர் அப்பா காலத்தில் பண்ணையாள். இவர் காலத்தில் குத்தகை. அறுப்பு முடிந்ததும் வயலை விட்டுவிட வேண்டும், இனிமேல் பண்ணையே பயிர் வைக்கும் என்று தாளாளரின் காரியக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஏனென்றால் இன்னொரு சட்டமும் வந்திருந்தது. குத்தகைக்காரர் என்று ஒருவர் பெயர் பதிவாகிவிட்டால் அவரை லேசில் கிளப்ப முடியாது. பதிவதற்கு முன்னால் கிளப்பிவிட வேண்டும்.

"நான் மனு எழுதிக் குடுத்திருக்கேன் சார். உடையவங்க ஒத்துக்கிட்டாப் பதிஞ்சுடுவாங்களாம்."

"உடையவர் யாரு?" என்று கேட்டுவிட்டேன், பழக்கதோஷத்தில்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இருவருமே சிரித்தோம். அவர் முதலில் நிறுத்திக்கொண்டார். "இந்த வயல் போச்சுன்னா இவன் படிப்பும் போச்சு சார். மாடு மேய்க்கத்தான் விடணும்" என்றார்.

ஆக, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் படிப்பும் அவன் வீட்டுச் சோறும் என் வாயில் இருந்தன. என் கல்யாணமும் அதே வாயில்தான் இருந்தது.

தை பிறப்பதற்கு முன்னால் அந்த மனுவின் மேல் அதிகாரி விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். ஆட்சி மாறிய வாரத்திலேயே அவர் வேட்டியின் கரையும் மாறியிருந்தது, புதுக் கரை அவருக்கு நன்றாகவே எடுத்தது. உட்காரச் சொன்னார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"தம்பி, பயப்படாதீங்க. ரெண்டே வார்த்தை. நிலம் என்னுது. நானே சொந்தமா சாகுபடி பண்றேன். அவ்வளவுதான். பாடம் நடத்தறவருக்கு இதுகூடச் சொல்ல வராதா?" பிறகு, வேறு ஏதோ விஷயம் பேசுகிறவர் மாதிரி, "உங்க ஆர்டரும் கையெழுத்துக்கு வருது" என்றார்.

இதற்கு நடுவில் குடிமையியலில் நிலச் சீர்திருத்தப் பாடம் வந்து தொலைத்தது. நிலச் சீர்திருத்தத்தின் நன்மைகளை எழுதுக. எழுதிப்போட்டேன். உழுபவனுக்கு நிலம் கிடைக்கிறது, ஏற்றத்தாழ்வு குறைகிறது. முதல் பெஞ்சில், அதாவது தாளாளரின் பங்காளி வீட்டுப் பையன்கள் பெஞ்சில், ஒருவன் எழுந்து ரொம்ப மரியாதையாக, "சார், இது உங்களைப் பாதிக்குங்களா?" என்றான். நிலமுள்ள வாத்தியாருக்கு வகுப்பில் இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று பயிற்சியில் யாரும் சொல்லவில்லை.

விசாரணை என் வகுப்பறையில்தான் நடந்தது. ஊரில் ஒழுங்கான மேசை வேறெங்கும் இல்லை. அன்று பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். விடுமுறை என்பதால் ஒரு பையன் பாக்கியில்லாமல் எல்லோரும் வந்து ஜன்னலில் தொங்கினார்கள். என் நாற்காலியில் அதிகாரி. பக்கத்தில் தனி நாற்காலியில் தாளாளர், ஒன்றுமில்லாத ஏழையாக. கரும்பலகையில் நான் அழிக்க மறந்த நன்மைகள் அப்படியே இருந்தன. பையன்கள் உட்காருகிற பக்கத்தில் நின்றேன். என் உயரத்துக்கு அந்தப் பெஞ்சுகள் எவ்வளவு சின்னவை என்பது அன்றுதான் தெரிந்தது.

"மடையோரத்து நஞ்சை உங்களுதா?"

"ஆமாங்க."

"சாகுபடி?"

"நான்தாங்க."

அதிகாரி என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். "என்ன ரகம் போட்டிருக்கீங்க?"

எனக்குத் தெரிந்த ரகம் நெட்டை, குட்டை. அது தென்னை. அப்போது ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு கிசுகிசுப்பு வந்தது. "ஐ.ஆர்.எட்டு சார்."

"ஐ.ஆர்.எட்டுங்க" என்றேன்.

"தண்ணி?"

"மூணாம் மடை சார், மூணாம் மடை."

"மூணாம் மடையிலேருந்துங்க."

"எப்ப நடவு பண்ணினீங்க?"

"ஐப்பசிக் கடைசி சார். மழையில அழுவிப் போயி ரெண்டாந்தரம் நட்டோம் சார்."

நான் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தேன். நட்டோம் என்ற அந்தச் சொல்லில் என் வாய் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெரிய காதுப் பையன்தான். ஜன்னல் கம்பிக்கு நடுவில் முகத்தை அழுத்திக்கொண்டு, கண்ணை அகல விரித்து, நான் எங்கே பெயிலாகிவிடுவேனோ என்ற கவலையில் நின்றுகொண்டிருந்தான். பள்ளி ஆய்வாளர் வருகிற நாட்களில், "டேய், கேட்டா டாண் டாண்னு சொல்லுங்கடா, என் மானத்தைக் காப்பாத்துங்கடா" என்று நான்தான் அவர்களைக் கெஞ்சியிருக்கிறேன். இதையும் அப்படியொரு ஆய்வு என்று நினைத்துவிட்டான். சாருக்குப் பதில் தெரியவில்லை, சொல்லிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு. சொல்லிக் கொடுக்கிற ஒவ்வொரு பதிலிலும் தன் வீட்டு வயல் போய்க்கொண்டிருக்கிறது என்பது அவனுக்கு உறைக்கவேயில்லை. அவனுக்குப் பின்னால் நின்ற அவன் அப்பாவுக்கு உறைத்திருந்தது. ஆனாலும் அவர் பையனை அடக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தைரியம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன். என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எல்லாம் அந்தப் பையன் சொல்லிக் குடுக்கறான். அவங்க அப்பாதான் சாகுபடி பண்றாரு. அவர் பேரைக் குத்தகையில பதிஞ்சுக்குங்க."

"அப்ப நிலம்?" என்று அதிகாரி கேட்டார். கேட்டது என்னை; பார்த்தது தாளாளரை.

"நிலம் என்னுதுதாங்க. உடையவன்கிற முறையில நான் ஒத்துக்கறேன்."

தாளாளர் சொல்லிக் கொடுத்த முதல் வார்த்தையை நான் அப்படியே காப்பாற்றினேன். இரண்டாவதைத்தான் மாற்றிக்கொண்டேன். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது தன் நிலம் என்று அவர் வாய் திறந்தால் சமையல்காரர் நிலம், சித்தி நிலம், கோயில் நிலம் எல்லாம் சேர்ந்து எழுந்து வந்துவிடும். சொத்தில்லாதவருக்குப் பேச என்ன உரிமை? இரண்டு முறை இருமினார். தண்ணீர் கேட்டார். அதிகாரி எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தலைமை ஆசிரியர் மட்டும் வெளியே வரும்போது என் காதருகில், "நல்ல வயலுங்க அது. எனக்காவது குடுத்திருக்கலாம்" என்றார்.

வருஷக் கடைசியில், மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டதால் வரலாற்றுக்குத் தனி ஆசிரியர் தேவையில்லை என்று தாளாளர் எழுதிக் கொடுத்தார். பெஞ்சுக்கு ஐந்து பேர் வரப்புச் சண்டை போட்டுக்கொண்டிருந்த வகுப்பில்தான் எண்ணிக்கை குறைந்திருந்தது. பெண் வீட்டார் வேறொரு நிரந்தரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் இரண்டு வேளை சாப்பிடவில்லை. அவள் முகம் எனக்கு ஞாபகம் இருந்தது.

நிலத்தை மட்டும் தாளாளர் உடனே மாற்றிக்கொள்ளவில்லை. அவசரப்பட்டால் அதிகாரி மோப்பம் பிடிப்பார். அதனால் வேலை போய், கல்யாணம் போய், நான் நிலச்சுவான்தாராக மட்டும் மிச்சமிருந்தேன்.

ஊருக்குக் கிளம்புவதற்காகப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த அன்று, என் வாடகை அறை வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. பையனும் அவன் அப்பாவும் இறங்கினார்கள். வண்டியில் நெல் மூட்டைகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருத்தராவது வந்தார்களே என்று இருந்தது. அவர் நன்றி சொல்லப் போகிறார், நான் தடுத்து, "அதெல்லாம் என்னங்க, என் கடமை" என்று சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன்.

"குத்தகை நெல்லு சார். ஊருக்குப் போறீங்கன்னாங்க. அதான் கையோட அளந்து கொண்டாந்துட்டேன்" என்றார்.

"எனக்கு எதுக்குங்க? எடுத்துட்டுப் போங்க. பையன் படிப்புக்கு வச்சுக்குங்க."

"அப்புடிச் சொல்லாதீங்க சார். குத்தகை பாக்கின்னு வந்துச்சுன்னா வயலை விட்டு எறக்கிப்புடலாமாம். சங்கத்துல சொன்னாங்க." கொஞ்சம் தயங்கினார். "ஒரு ரசீது வேணும். உங்க கையெழுத்துப் போட்டு."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. இந்த மனிதருக்காகத்தானே எல்லாம் போயிற்று என்ற கோபம்.

"என்னைக்கூட நம்பலையா நீங்க?"

"நீங்க நல்லவங்கதான் சார்" என்றார், என் முகத்தைப் பார்த்தே. "ஆனா உடையவங்க."

பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பாடக்குறிப்பிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். குத்தகை நெல் பெற்றுக்கொண்டேன், பாக்கி ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வாங்கிப் படிக்காமல் பையனிடம் கொடுத்தார். பையன் வாசற்படியில் உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். பிறகு தாளை என்னிடமே திருப்பி நீட்டினான்.

"தேதி போடலீங்க சார்" என்றான்.